டி.சி. தர மறுக்கும் பள்ளி. வீட்டிலேயே படிக்க வைத்தால் கேஸ் வருமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு. வீசிங் தொல்லையால் மாதத்தில் பாதி நாள் லீவு. நான் பி.எஸ்சி. படித்தவள், வீட்டிலேயே சொல்லித்தரலாம் என்று பார்க்கிறேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பள்ளியிலோ, ஃபீஸ் பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்கிறார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் மாமியாரின் பயத்தைப் போக்கிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. அதே சமயம், வீட்டில் படிக்க வைக்கலாம் என்றும் அதில் ஒரு வரி கிடையாது. தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டு கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டமும் இதே கடமையைப் பெற்றோர் மேல்தான் வைக்கிறது. ஆகவே பையன் படிக்கிறான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு முழுக்க உங்களுடையது.

கேட்டு ஆள் வருவார்கள். எமிஸ் என்னும் அரசின் மாணவர் கணினிப் பதிவேட்டில் அவன் பெயர் எந்தப் பள்ளியிலும் இல்லையென்றால், பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்பில் ஆசிரியர் பயிற்றுநர் உங்கள் கதவைத் தட்டுவார். அவரை விரோதியாக நினைக்காதீர்கள். டாக்டர் கடிதம், தேதி போட்ட நோட்டுகள், நீங்களே வைத்துத் திருத்திய தேர்வுத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அதில் டாக்டர் கடிதம் மிக முக்கியம்.

டி.சி. விஷயத்தில் பள்ளி செய்வது தவறு. கட்டண பாக்கியை வசூலிக்க டி.சி.யைக் கருவியாக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாக்கி இருப்பதாக அதில் எழுதவும் கூடாது. ஆனால் கடன் கடன்தான், அதை அவர்கள் வேறு வழியில் சட்டப்படி கேட்கலாம். டி.சி. கேட்டு, கிடைத்ததற்கான ஒப்புதலுடன் ஸ்பீடு போஸ்டில் தபால் அனுப்புங்கள். அசையவில்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) மனு கொடுங்கள்.

எதிர்வீட்டுப் பிள்ளைகள் வேண்டாம். சாயங்கால டியூஷன் என்றால் சரி. அவர்கள் பள்ளிக்கே போகாமல் பகல் முழுக்க உங்கள் கூடத்தில் உட்கார்ந்தால், அங்கீகாரம் இல்லாத பள்ளி நடத்துவதாகச் சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி அதற்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 வரை. நல்ல மனதோடு செய்கிற உங்களுக்கு இந்தத் தலைவலி வரக்கூடாது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. என்னை அதிகம் கவலைப்பட வைப்பதும் அதுதான். ஆறாம் வகுப்பை என்ன செய்யப் போகிறீர்கள்? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடம், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குத்தான். கல்லூரி போகும் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப்புதல்வன் திட்டமும் 6ஆம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்க்கிறது. மாநகராட்சிப் பள்ளியில் படித்தாலும் 7.5-க்குத் தகுதி உண்டு. நான்கையும் ஐந்தையும் வீட்டில் முடித்தால் இதில் எதுவும் போகாது. ஆறாம் வகுப்பும் வீட்டிலேயே கழிந்தால் இரண்டும் கைநழுவும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவை சின்ன விஷயம் இல்லை.

திரும்பச் சேர்ப்பது கஷ்டமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். டி.சி. தாமதம் என்று சேர்க்காமல் இருக்கவும் முடியாது.

மூச்சுத் தொல்லை அப்போதும் தீராவிட்டால் வேறு வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயதில் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். அந்த முடிவை டாக்டரையும் உங்கள் கணவரையும் வைத்துக்கொண்டு, ஐந்தாம் வகுப்புப் பாடம் முடியும் ஏப்ரலில் எடுங்கள்.

தபாலுக்குப் பதில் வராவிட்டால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.