எரிமலைக்குப் பக்கத்துல வீடு எடுக்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, காரைக்கால்ல இருந்து இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற இந்த ரீயூனியன் தீவுக்கு வர்றீங்க, வேலை சேன் பெனுவால, ஆனா வாடகை கம்மியா சேன்த் ரோஸ் பக்கம் ஒரு வீடு கிடைக்குது, எரிமலை கிட்டக்க இருக்கே, கைக்குழந்தைய வச்சுக்கிட்டு அங்க இருக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் பாண்டில இருந்து 2004ல இங்க வந்தவ. வந்த புதுசுல எனக்கும் இதே பயந்தான், ராத்திரி வானம் செவப்பாத் தெரிஞ்சா பையத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிப்பேன், பக்கத்து வீட்டு மல்பார் பாட்டி (இங்கயே பொறந்து வளர்ந்த தமிழ் வம்சாவளிய அப்படித்தான் சொல்வாங்க) பார்த்துச் சிரிக்கும்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. பித்தோன் தெ லா ஃபுர்னேஸ்ங்கிற இந்த எரிமலை படத்துல பாக்குற மாதிரி வெடிச்சு ஊர மூடுற ரகம் இல்ல. கவுத்து வச்ச தட்டு மாதிரி பரந்து கிடக்கிற மலை, 2,600 மீட்டர் சொச்சம் உயரம், பெரும்பாலும் தரை பிளவு விட்டு நெருப்புக் குழம்பு ஒழுகும், அவ்ளோதான். 17ஆம் நூற்றாண்டுல இருந்து 150 தடவைக்கு மேல கக்கியிருக்கு. 2019ல மட்டும் அஞ்சு தடவை. சில சமயம் ரெண்டு மூணு வருஷம் சத்தமே இல்லாம கெடக்கும். கக்க ஆரம்பிச்சா இங்க ஜனங்க பயந்து ஓடுறதில்ல, "வொல்கான் லா பெத்தே", அதாவது எரிமலை வெடிச்சிருச்சுன்னு சொல்லிக்கிட்டு சாப்பாட்டக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கக் கெளம்பிருவாங்க.

காரணம் அன்க்ளோ. மலை உச்சியச் சுத்தி லாடம் மாதிரி ஒரு பெரிய செங்குத்துப் பாறைச் சுவர், கிழக்கால கடல் பக்கம் மட்டும் திறந்திருக்கும். நம்ம ஊர் மாட்டுப் பட்டி மாதிரின்னு வச்சுக்கங்க. கிட்டத்தட்ட எல்லாக் குழம்பும் அதுக்குள்ளயே ஓடி, கிராண் ப்ரூலேங்கிற ஆள் இல்லாத சரிவுல இறங்கி, சில சமயம் கடல்ல போய் விழும். நம்ம காலத்துல மாடு வேலி தாண்டினது, அதாவது அன்க்ளோவுக்கு வெளிய கக்கினது, 1977, 1986, 1998.

அதுல 1977தான் உங்களுக்கு முக்கியம், ஏன்னா அது நடந்ததே நீங்க சொல்ற பக்கம்தான். ஏப்ரல் மாசம் அன்க்ளோவுக்கு வெளிய பிளந்து குழம்பு நேரா பித்தோன் சேன்த் ரோஸ் ஊருக்குள்ள வந்துச்சு, வீடெல்லாம் போச்சு, ஜனங்கள முன்னாடியே கிளப்பிட்டதால உயிர்ச்சேதம் இல்ல. அங்க இருந்த சர்ச்சச் சுத்திக்கிட்டு வாசல் வழியா கொஞ்சம் உள்ள வந்து அப்படியே நின்னுருச்சு. இப்ப அதுக்குப் பேரே நோத்ர தாம் தே லாவ். கறுப்புப் பாறை சுவர ஒட்டி அலை உறைஞ்ச மாதிரி நிக்கும், கைய வச்சுப் பாருங்க, சொரசொரன்னு இருக்கும். அதுக்கப்புறம்தான் 1979ல புர்க் முராங்கிற ஊர்ல கண்காணிப்பு நிலையம் வச்சாங்க. நில அதிர்வு, மலை உப்புறது எல்லாம் ராப்பகலா பார்க்குறாங்க. வெளிய பிளந்தாலும் இப்பல்லாம் தூங்கும்போது வந்து கதவத் தட்டாது.

நான் பார்த்ததுல பெருசு 2007 ஏப்ரல். குழம்பு அன்க்ளோவோட தெக்கு ஓரமா, த்ரெம்ப்ளே ஊர ஒட்டிக் கடல்ல இறங்குச்சு, உச்சியில இருந்த தொலொமியு பள்ளம் முன்னூறு மீட்டருக்கு மேல அப்படியே உள்வாங்கிருச்சு, கடல் கொதிச்சு யாரும் கண்ணால பார்க்காத ஆழ்கடல் மீனெல்லாம் செத்து மிதந்துச்சு. வீட்டுக்காரருக்கு அப்ப சேன் ஃபிலிப்ல வேலை. ஒருநாள் கார் கண்ணாடி மேல பொன்னிறத்துல முடி முடியா கெடக்குதேன்னு வைப்பரப் போட்டிருக்காரு, பார்த்தா அது முடியில்ல, குழம்பு காத்துல இழுபட்டு உறைஞ்ச கண்ணாடி இழை, கண்ணாடி பூரா கீறல் விழுந்துருச்சு. பத்தாததுக்கு எங்க வீட்டுக்கும் சேன் ஃபிலிப்புக்கும் நடுவுல போற ஆர்என் 2 நெடுஞ்சாலை மேல மலை மாதிரி குழம்பு நின்னுருச்சு. ஒரு மணி நேரத்துல போற வேலைக்கு மாசக்கணக்கா தீவச் சுத்தி சேன் பியேர் வழியா போய் வந்தாரு. வீட்டு வாடகையில மிச்சம் பிடிச்சதெல்லாம் பெட்ரோலுக்கே போச்சு. பல வருஷம் கழிச்சும் மழை பேஞ்சா அந்தப் பாறையில இருந்து ஆவி வரும், இட்லிப் பானையத் திறந்த மாதிரி.

இன்னொண்ணு, இந்த மலை நமக்கு தூரத்துச் சொந்தம்தான். 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி மகாராஷ்டிராவுல தக்காணப் பாறையக் கக்கின அதே சூட்டுப் புள்ளிதான், பூமிக்கு அடியில இருந்து சூடு மேல வர்ற இடம், இங்கயும் கீழ இருக்குன்னு சொல்றாங்க, மேல இருக்கிற பூமித் தட்டு வடக்க நகர நகர வழியில மாலத்தீவு, மொரீஷியஸ்னு போட்டுக்கிட்டே வந்திருக்கு.

சரி, உங்க வீட்டுக்கு வருவோம். வேலை சேன் பெனுவாங்கிறதால நீங்க போறது வடக்கால, கிராண் ப்ரூலே பக்கம் குழம்பு ரோட்ட வெட்டினாலும் உங்க வழி அடைபடாது. தாராளமா எடுங்க. ஆனா அந்தப் பக்கம் மழை பேய் மழை. 2007 பிப்ரவரி கமேத் புயல்ல இதே எரிமலைச் சரிவுல கொம்மெர்சோன் பள்ளத்துல மூணு நாள்ல 3,929 மில்லிமீட்டர் கொட்டுச்சு, அது உலக ரெக்கார்டு. அதனால வீட்டு ஓனர்கிட்ட எரிமலையப் பத்திக் கேக்காதீங்க, கூரை ஒழுகுதா, சுவர்ல பூஞ்சை பிடிக்குதான்னு கேளுங்க, முடிஞ்சா மழை பேயுற அன்னிக்கே போய் வீட்டப் பாருங்க.