நைட்ரிக் ஆக்சைடு பவுடர் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரையும் உண்டு. ‘நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும், ரத்தக்குழாய் விரியும், கால் வீக்கமும் வடியும்’ என்று ஆர்ஜினின் பவுடர் ஒன்றை மகன் ஆன்லைனில் வாங்கித் தந்திருக்கிறான். அது வண்டிப் புகையில் வரும் வாயு அல்லவா? குடிக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் ஐயா. டப்பாவைத் திறந்திருந்தாலும் மூடி வைத்துவிடுங்கள்.

வண்டிப் புகையில் இருப்பதும் இதே வாயுதான். உடம்பிலோ, அது துளியூண்டு அளவில், தேவைப்படும் இடத்தில் மட்டும் உண்டாகிறது. ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது; எண்டோதீலியம் என்போம். ரத்தம் உரசிக்கொண்டு ஓடுவதை உணர்ந்து, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும். அதற்குச் சில விநாடிதான் ஆயுள். அதற்குள் பக்கத்துத் தசைக்குள் புகுந்து தளர்த்திவிடும், குழாய் விரியும்.

இந்தப் படலத்தை வெறும் பூச்சு என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தோம். நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி, முயலின் மகாதமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டுப் பார்த்தார். உட்படலம் நன்றாக இருந்த துண்டு விரிந்தது. தேய்த்து எடுத்த துண்டு விரியவே இல்லை. இதை அவர் வெளியிட்டது 1980-ல். படலம் அனுப்பும் அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று தெரிய மேலும் சில வருடம் பிடித்தது. 1998-ல் அவருக்கும் இக்னாரோ, முராத் இருவருக்கும் நோபல் பரிசு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டில் சேர்த்த நைட்ரோகிளிசரினையே அவருடைய கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு மருந்தாக எழுதிக்கொடுத்தார்கள்! நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் இதே வாயுவைத் தந்துதான் வேலை செய்கிறது.

உங்களுக்கு ஆர்ஜினின் பற்றாக்குறை இல்லை. பருப்பிலும் நிலக்கடலையிலும் தாராளமாகக் கிடைக்கிறது. சர்க்கரையும் புகைப் பழக்கமும் கெடுப்பது தயாரிக்கிற செல்லை. அடுப்பு பழுதாகிக் கிடக்கையில் அரிசி மூட்டையை இறக்கி என்ன செய்ய? அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 153 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆர்ஜினினும் மறுபாதிக்கு வெற்று மருந்தும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். இதயம் தேறவில்லை. ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் யாரும் இறக்கவில்லை. புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். 2006-ல் வந்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் பலனே இல்லாத ஒன்றுக்காக உங்களை அந்தப் பக்கம் அனுப்ப எனக்கு மனமில்லை.

கால் வீக்கத்துக்கு வருகிறேன். திசுக்களில் கசியும் நீரை வடித்து ரத்தத்துக்கே திருப்பும் நிணநீர்க் குழாய்களிலும் இதே படலம், இதே வாயு. அந்தக் குழாய்கள் தாமே சுருங்கிச் சுருங்கி நீரை மேலே தள்ளுபவை. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் நடுவில் கொஞ்சம் தளர்ந்தால்தான் மறுபடி நிரம்பும். அந்தத் தளர்ச்சியைத் தருவது நைட்ரிக் ஆக்சைடு. எந்நேரமும் அது மிகுந்திருந்தால் தள்ளும் வேகமே குறைந்துபோகும். அழற்சியில் அப்படித்தான் ஆகிறது. ஆக, கூடக்கூட நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

உங்கள் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம், ஏன், அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகூடக் காரணமாக இருக்கலாம். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் சிறிது நேரம் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் நீர் கோர்த்திருக்கிறது. மாத்திரை அட்டைகளோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றைக்கே போக வேண்டும்.

அந்தச் செல்களுக்கு நிஜமாகவே வேலை கொடுப்பது நடைதான். ரத்த ஓட்டம் கூடும், உரசலும் கூடும். உங்கள் டாக்டர் சொன்ன அளவுக்கு நடங்கள். கீரை, பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட்டை நாக்கில் வாழும் பாக்டீரியா மாற்றிக் கொடுக்க, அதிலிருந்தும் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடு கிடைக்கும் (கிருமிநாசினி மவுத்வாஷால் தினமும் கொப்பளித்தால் அந்தப் பாக்டீரியா போய்விடும்). சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியிருந்தால் பீட்ரூட் ஜூஸுக்கும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம்.

சார்பிட்ரேட் கொடுத்திருந்தால் உட்கார்ந்துதான் வைத்துக்கொள்ள வேண்டும். பிரஷர் சட்டென்று இறங்கும். சில்டெனாஃபில் (வயாகரா) வகை மாத்திரை எடுப்பவர் சார்பிட்ரேட்டைத் தொடவே கூடாது. வைத்து ஐந்து நிமிடத்தில் நெஞ்சுவலி குறையவில்லையா, 108-ஐக் கூப்பிடுங்கள்.