முதியோரைப் பார்க்கும் நர்ஸாக மகள் ஆசைப்பட்டால்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகள் பள்ளியின் கடைசித் தேர்வான மெட்ரிக் எழுதப்போகிறாள், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "கிழவனுக்கும் கிழவிக்கும் துணி மாத்தவா இவ்வளவு படிக்க வச்சேன்?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது, அதனால் மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ஆமாம், துணி மாற்றுவாள். குளிப்பாட்டுவாள், வாயில் ஊட்டுவாள், இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைப்பாள்.

துணி மாற்றும்போது அவள் கண் எங்கே இருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாலெலும்பு, இடுப்பு, குதிகால் என்று எலும்பு படுக்கையில் அழுந்தும் இடங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். வெள்ளைத் தோலில் முதலில் சிவப்பாகத் தெரியும். விரலால் அழுத்தினாலும் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். தோல் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தொடு உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போடும் பிரேடன் அளவுகோல் ஒன்று உண்டு. 6 முதல் 23 வரை போகும். மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து அதிகம். துணி மாற்றுவது என்று நீங்கள் நினைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் இவ்வளவும் நடக்கிறது.

என் அம்மாவின் கடைசிக் காலத்தில் அவரை ஓர் இல்லத்தில் வைத்திருந்தோம். ஒரு திங்கட்கிழமை போனபோது என்னை யாரென்று கேட்டார். வெள்ளிக்கிழமைதான் பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார். "வயசானா அப்படித்தான்" என்றார்கள். மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டார்கள். நான்காம் நாள் வேலைக்கு வந்த ஒரு சின்னப் பெண், நர்ஸ், "மறதி இப்படி மூணு நாளில் வராது அக்கா" என்று சொல்லி சிறுநீரைச் சோதித்தாள். தொற்று இருந்தது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல், திடீர்க் குழப்பமாக மட்டுமே தொற்று தலைகாட்டலாம். மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அன்றிலிருந்து இந்த வேலையை யாராவது தாழ்த்திப் பேசினால் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை.

இப்போது படிப்புக்கு வருகிறேன். இங்கேதான் பல வீடுகள் தவறுகின்றன. சில மாதத்தில் முடியும் "கேர்கிவர்" பயிற்சியையும் நர்ஸிங்கையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். கேர்கிவர் செய்வது நல்ல வேலைதான், ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நர்ஸ் என்று பதிவு செய்ய முடியாது. பிரிட்டோரியாவில் இருக்கும் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலில் பெயர் ஏற வேண்டும். அதற்கு மூன்று வழி உண்டு. ஓராண்டு உயர் சான்றிதழ் முடித்தால் துணை நர்ஸ், மூன்றாண்டு டிப்ளமா முடித்தால் பொது நர்ஸ், நான்காண்டு பட்டம் முடித்தால் பிரசவமும் பார்க்கத் தகுதியுள்ள புரொஃபெஷனல் நர்ஸ். பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு சமூக சேவை கட்டாயம். அதற்குச் சம்பளம் உண்டு. உங்கள் அக்கா மகள் படித்த பழைய படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய முறைப் படிப்புகளுக்குச் சேர்க்கை 2019-உடன் நின்றுவிட்டது, அதனால் அவள் போன வழி இவளுக்குப் பொருந்தாது.

மதிப்பெண் இடம் கொடுத்தால் பட்டத்துக்கே போகட்டும் என்பது என் எண்ணம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்திலும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நர்சிங் இருக்கிறது. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் போட வேண்டும்; கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். உயிரியலை அவள் விட்டுவிடக் கூடாது. கணிதமா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசியா என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசின் மாணவர் நிதியுதவிக்கும் போடுங்கள். தனியார் கல்லூரியில் பணம் கட்டுவதாக இருந்தால், கவுன்சிலின் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறதா என்று கவுன்சிலிடமே கேளுங்கள். வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் காகிதத்தை நம்பிப் பணத்தைத் தொலைத்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பெரியவர்களைப் பார்க்க நம் பிள்ளைகள் வருவதில் ஒரு தனிப் பயன் இருக்கிறது. மறதி நோய் வந்த தாத்தா "வீட்டுக்குப் போகணும்" என்று அழுவார். எந்த வீடு என்று கேட்டால் மேகசின் பேரக்ஸ் என்பார், டர்பனில் நம்மவர்கள் வாழ்ந்த பழைய குடியிருப்பு அது. 1960-களில், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் குடியிருப்பே இப்போது இல்லை. இது தெரியாதவர் "உளறுகிறார்" என்று எழுதிவிட்டுப் போவார். தெரிந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் தாத்தா என்று கேட்கும். அவர் அடங்கிவிடுவார். புரட்டாசியும் அப்படித்தான். சனிக்கிழமை விரதம் என்று பாட்டி காலையில் எதுவும் தொடமாட்டார், மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கிவிடுவார். சில சர்க்கரை மாத்திரைகள் வயிறு காலியாக இருந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் வியர்த்து, நடுங்கி, மயங்குவார். விரதம் எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டு டாக்டரிடம் சொல்ல நம் பிள்ளைக்குத்தான் தோன்றும். ஆனால் ஜூலுவும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கூட வேலை செய்பவர்களும் நோயாளிகளில் பலரும் அந்த மொழி பேசும்போது, தமிழும் ஆங்கிலமும் மட்டும் போதாது.

முதுகு வலிக்கும், இரவு வேலை இருக்கும், பழகிய பாட்டி ஒருவர் இறந்துபோனால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. இதையெல்லாம் மகளிடம் மறைக்காதீர்கள்.

முடிவெடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சாட்ஸ்வொர்த்திலேயே, 1921-இல் தொடங்கிய ஆரியன் பெனவலன்ட் ஹோம் இருக்கிறது. அங்கோ வேறொரு முதியோர் இல்லத்திலோ அனுமதி கேட்டு, நான்கு சனிக்கிழமை காலை அவள் உதவிக்குப் போகட்டும். முதல் நாள் எல்லோருக்கும் பிடிக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மூன்றாவது வாரம் திரும்பி வந்து யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று கவனியுங்கள். பெயர் சொல்லி, அந்தப் பாட்டி இன்று பாதிதான் சாப்பிட்டார் என்று சொன்னால், ஜூன் தேர்வு மதிப்பெண் தாளையும் அடையாள அட்டை நகலையும் எடுத்துக்கொண்டு இருவருமாக என்னிடம் வாருங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்பலாம்.