பல்புக்கு எத்தனை மாதம் ஆயுள்?

கேள்வி: எல்.இ.டி. பல்பின் பெட்டியில் '25,000 மணி நேரம்' என்று போட்டிருக்கிறது. அது எத்தனை மாதம்? கடைக்காரர் 'நிறைய நாள் வரும்' என்கிறார்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: கடைக்காரர் வியாபாரம் தெரிந்தவர்! கணக்கை நான் சொல்கிறேன், அம்மா. மாதம் என்பது நிலையான அளவு இல்லை. பிப்ரவரிக்கு 672 மணி, ஜனவரிக்கு 744 மணி. தமிழ் மாதங்களும் அப்படித்தான். ஆனி 32 நாள் வரை நீளும், மார்கழி 29 நாளில் முடிந்துவிடும். ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனுக்குத் தொலைவில் மெதுவாகச் சுற்றுகிறது, ஜனவரித் தொடக்கத்தில் அருகில் வேகமாகச் சுற்றுகிறது என்பதே காரணம்.

அதனால் சராசரிதான் வழி. ஆண்டுக்கு 8,760 மணி. 12ஆல் வகுத்தால் மாதத்துக்கு 730. 25,000ஐ 730ஆல் வகுத்தால் 34 மாதம் சொச்சம். மூன்று ஆண்டுகூட இல்லையே என்று பதற வேண்டாம், அது இரவும் பகலும் அணைக்காமல் எரிந்தால். நீங்கள் தினம் ஆறு மணி நேரம் எரிப்பவர் என்றால் 25,000ஐ ஆறால் வகுங்கள். 4,166 நாள், அதாவது 137 மாதம். பதினோரு ஆண்டுக்கும் மேல்!

பெட்டி சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அந்த மணிக்கணக்கு பெரும்பாலும் பல்பு அணைந்துபோகும் நேரம் இல்லை. வெளிச்சம் 70 சதவீதமாக மங்கும் நேரம். உள்ளிருக்கும் மின்சுற்று பல சமயம் அதற்கு முன்பே கெட்டுவிடும். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.