ஒரு காலா, இரண்டு காலுமா?

வாசகர் கேள்விகள், நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 43 வயது. ஏழு மாதத்துக்கு முன் எடைக் குறைப்புக்காக இரைப்பையில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 118 கிலோ இருந்தவள் இப்போது 79. ஆனால் இரண்டு மாதமாக இடது கால் செருப்பு என்னை அறியாமல் கழன்றுவிடுகிறது. நாலு எட்டு நடந்த பிறகுதான் வெறுங்காலோடு இருப்பதே தெரிகிறது. படி ஏறும்போது அந்தக் கால் பெருவிரல் இடறுகிறது. நடந்தால் இடது கால் மட்டும் 'டப் டப்' என்று சத்தம் போடுகிறதாம், மகள் சொல்கிறாள். இது போக, இரவில் இரண்டு உள்ளங்காலும் எரிகின்றன. மெத்தென்ற துணி மேல் நடப்பது போல இருக்கிறது. பி12 சோதித்துவிட்டு 'நார்மல்' என்றார்கள். எடை குறைந்தால் இப்படித்தான், போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். சரியாகுமா?

பின்குறிப்பு: இருபது வருடம் கழித்து கால் மேல் கால் போட்டு உட்கார முடிகிறது. அதில் மட்டும் சந்தோஷம். நாலாவது மாதத்தில் மூன்று வாரம் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி, பிறகு நின்றுவிட்டது. முடி கொட்டுவதால் ஐந்து மாதமாகத் தினமும் 50 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரை நானாகவே போடுகிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முக்கியமானதையெல்லாம் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். நோயாளிகள் பலர் அப்படித்தான். அறையை விட்டுப் போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் டாக்டர், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்பார்களே, நோய் அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு பாதத்தில் தொல்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, ஒரு காலா இரண்டு காலுமா என்றுதான். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. அதாவது, உங்களிடம் இருப்பது ஒரு நோய் அல்ல, இரண்டு. இரண்டையும் சேர்த்து 'எடை குறைந்ததால்' என்று மூட்டை கட்டியதுதான் தவறு.

முதலில் இடது கால். உங்கள் முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, விரலால் தடவிப் பாருங்கள். கோலிக்குண்டு போல ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதற்குக் கொஞ்சம் கீழே எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோவது அதுதான். அந்த இடத்தில் நரம்புக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே தோலும் கொஞ்சம் கொழுப்பும் மட்டுமே உண்டு. 39 கிலோ இறங்கியபோது அந்தக் கொழுப்பு மெத்தையும் இறங்கிவிட்டது. சரியாக அந்த நேரத்தில், இருபது வருட ஆசையாகக் கால் மேல் கால் போட ஆரம்பித்தீர்கள். ஒரு முழங்கால் மறு காலின் நரம்பை எலும்போடு வைத்து அழுத்துகிறது. உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்கிறேன், மன்னியுங்கள். இன்றோடு அது வேண்டாம். குத்துக்காலிட்டு நெடுநேரம் உட்காருவதும் வேண்டாம். அந்த முண்டின் மேல் இறுகும் முழங்கால் பட்டை, இறுக்கமான காலுறை இவையும் கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு, விரல்களைத் தூக்கிக் குதிகாலால் மட்டும் நடந்து பாருங்கள். வலது பாதம் நிமிர்ந்து நிற்கும், இடது பாதம் தொங்கும் என்பது என் ஊகம். செருப்பு கழல்வதும் அதனால்தான். விரலையும் பாதத்தையும் தூக்கிச் செருப்பைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. 'டப்' சத்தம், குதிகால் ஊன்றிய பிறகு முன்பாதம் மெல்ல இறங்காமல் தொப்பென்று விழுவது. நல்ல காது உங்கள் மகளுக்கு.

முதுகெலும்பில் நரம்பு வேர் அழுந்தினாலும் பாதம் தொங்கும். அதைப் பிரித்தறிய, உள்ளங்கால் மறு காலைப் பார்க்கும்படி பாதத்தை உட்பக்கம் திருப்பச் சொல்வோம். அந்த வலு சரியாக இருந்தால் சிக்கல் முழங்கால் பக்கத்தில் என்ற நினைப்பு பலப்படும். நரம்புக் கடத்தல் சோதனை (என்சிவி என்பார்கள்) அழுத்தம் எந்த இடத்தில் என்று காட்டிவிடும். அழுத்தத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் கால் தேறிவிடும். நரம்பின் உறை மட்டும் நசுங்கியிருந்தால் சீக்கிரம். உள்ளே இழையே அறுந்திருந்தால் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம்தான் வளரும், பொறுமை வேண்டும். அதுவரை கணுக்காலைத் தூக்கிப் பிடிக்கும் இலேசான பிளாஸ்டிக் தாங்கி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அழகு போகிறது என்று பலர் மறுக்கிறார்கள். படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அழகு இன்னும் போகும். மாதக்கணக்கில் முன்னேற்றமே இல்லையென்றால் அழுத்தத்தை விடுவிக்கும் சிறு அறுவை உண்டு.

சரி, இரண்டு உள்ளங்கால் எரிச்சலுக்கு வருவோம். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். இது அழுத்தம் அல்ல, பட்டினி. வயிறு அல்ல, நரம்பு பட்டினி கிடக்கிறது.

பி12 மட்டும் பார்த்து நிறுத்திவிட்டார்கள். பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் இருப்பு வைக்கப்படும் சத்து. பைபாஸுக்குப் பிறகு அது குறையும், ஆனால் பெரும்பாலும் தாமதமாகத்தான் (முன்பே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டவர்கள் விதிவிலக்கு). பி1, அதாவது தயமின், அப்படி அல்ல. உடலில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு. உங்களுக்கு வாந்தி எத்தனை வாரம்? மூன்று. அது நின்ற கொஞ்ச நாளில் எரிச்சல் தொடங்கியிருக்கிறது.

இந்தக் கணக்கை நான் ஒரு முறை தவறவிட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. அறுவை முடிந்து இரண்டு மாதமான ஓர் இளைஞர், ஓயாத வாந்தி, கால்கள் தள்ளாடின. நான் பி12-க்கு எழுதிவிட்டு, களைப்புக்கு குளுக்கோஸ் ஏற்றச் சொன்னேன். மறுநாள் காலை அவருக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, என்னை யாரென்று தெரியவில்லை. குளுக்கோஸை எரிக்க பி1 வேண்டும். மிச்சமிருந்த கொஞ்சத்தையும் நான் ஏற்றிய பாட்டில் தின்றுவிட்டது. தயமின் ஊசி போட்டோம், பார்வை திரும்பியது. கால் திரும்ப ஒன்றரை வருடம் ஆயிற்று. கைத்தடியோடு அவர் வந்துபோன ஒவ்வொரு முறையும் நான் தலை குனிந்துதான் பேசினேன்.

ஆகவே, பி1 சோதனை முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டாம். ரத்தம் எடுத்த கையோடு தயமின் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். மறுபடி வாந்தி வந்து, கூடவே பார்வை இரட்டையானாலோ, நடை தள்ளாடினாலோ, குழப்பம் வந்தாலோ, கால் பலவீனம் நாளுக்கு நாள் மேலேறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 'எடைக் குறைப்பு அறுவை செய்தவள், குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் போடுங்கள்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லி மகளிடம் எழுதிக் கொடுத்துவையுங்கள்.

அடுத்து ஜிங்க். குடலில் ஜிங்க் அதிகமானால் தாமிரம் உடலுக்குள் போக வழியில்லாமல் நின்றுவிடும். பைபாஸில் தாமிரம் உறிஞ்சப்படும் பகுதியையே தாண்டி விட்டிருக்கிறார்கள், அதன் மேல் தினம் 50 மில்லிகிராம்! தாமிரக் குறை மெதுவாக வரும், வந்தால் தண்டுவடம் வரை போகும், பார்ப்பதற்கு அச்சு அசல் பி12 குறை போலவே இருக்கும். மாத்திரையை நிறுத்துங்கள். அறுவைக்குப் பிறகு சில மாதங்கள் முடி கொட்டுவது சகஜம், பெரும்பாலும் தானே முளைக்கும். தாமிரம், அதை ரத்தத்தில் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், ஃபோலேட், பி6 எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். பி6 ஏன் என்றால், 'நரம்பு மாத்திரை' என்று விற்பவை பலவற்றில் அது ஏராளம், நீண்ட நாள் அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பி12 'நார்மல்' என்ற சீட்டில் எண் என்ன என்றும் பாருங்கள். 200-ஐ (pg/mL கணக்கில்) கொஞ்சம் தாண்டியிருந்தால் நான் நம்பமாட்டேன், பி12 போதாதபோது ரத்தத்தில் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலத்தைப் பார்ப்பேன்.

'இப்படித்தான் இருக்கும்' என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், எடைக் குறைப்பு அறுவை செய்த 435 பேரில் 16 சதவீதத்தினருக்கு நரம்புப் பாதிப்பு வந்திருந்தது. பித்தப்பை அறுவை செய்துகொண்ட பருமனானவர்களில் அது 3 சதவீதம்தான். வேகமாக மெலிந்தவர்களும், வயிற்றுத் தொல்லை நீடித்தவர்களும், சத்துணவு ஆலோசனைக்குப் போகாதவர்களுமே அதிகம் மாட்டியிருந்தார்கள்.

உணர்ச்சி மங்கிய பாதத்தை வெந்நீரில் வைக்காதீர்கள். எரிச்சலுக்கு இதமாக இருக்கும், கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியும்.

கேள்வி: என் அப்பாவுக்கு இதே அறுவைக்குப் பிறகு மூன்றே மாதத்தில் எச்பிஏ1சி (சராசரிச் சர்க்கரை அளவு) 12-லிருந்து 6.5-க்கு வந்துவிட்டது. ஆனால் முன்பு இல்லாத கால் எரிச்சல் இப்போது தூங்கவிடவில்லை. சர்க்கரை குறைந்தால் நரம்பு நன்றாகத்தானே ஆக வேண்டும்?

பதில்: நியாயமான கோபம். பல வருடம் உயரத்தில் இருந்த சர்க்கரை சடாரென்று இறங்கினால் மெல்லிய நரம்பு இழைகள் இப்படிக் கலவரம் செய்வது உண்டு. மேலே சொன்ன சத்துக்குறைகள் இல்லை என்று உறுதி செய்துகொண்டால், வலிக்கு மருந்து எடுத்தபடி காத்திருக்கலாம். பலருக்கு ஒன்றரை, இரண்டு வருடத்துக்குள் தணிகிறது. மறுபடி சர்க்கரையை ஏற்றிவிடாதீர்கள். கண் விழித்திரையையும் உடனே சோதியுங்கள், இதே வேகம் அங்கேயும் தொல்லை தரலாம்.

கேள்வி: பைபாஸ் செய்து நாலு வருடம் ஆகிறது. பல் பிடுங்க 'சிரிப்பு வாயு' கொடுப்பார்களாம். பயப்பட வேண்டுமா?

பதில்: அந்த நைட்ரஸ் ஆக்சைடு உடலில் இருக்கும் பி12-ஐச் செயலிழக்கச் செய்துவிடும். இருப்பு குறைவாக இருப்பவருக்கு அதன் பின் கால் மரத்துப்போய் நடை தடுமாறலாம். முன்கூட்டியே பி12 பார்த்துக்கொள்ளுங்கள், குறைந்திருந்தால் அந்த வாயு வேண்டாம் என்று பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மரத்துப்போகும் ஊசி போதும்.