பதில்: லூபஸ் உள்ள மனைவிக்கு பிப்பில் பூச்சியப் புள்ளி

வணக்கம் அண்ணா. உங்கள் மனைவிக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்). பிப் (PIP, பிரிட்டனில் நீண்டகால நோய், ஊனம் உள்ளவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை) மதிப்பீட்டு நாளில் அவர் கொஞ்சம் தெம்பாக இருந்தார், கேட்டதற்கெல்லாம் சிரித்துப் பதில் சொன்னார், அதனால் பூச்சியப் புள்ளி போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நோய் ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைகிறவர்களுக்கு நடக்கிற வழக்கமான கூத்துதான் இது.

முதலில் முடிவுக் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேன்டட்டரி ரீகன்சிடரேஷன், அதாவது முடிவை மறுபடி பரிசீலிக்கும்படி, கேட்க வேண்டும். பிப் அலுவலகத்துக்குப் போன் போட்டு மதிப்பீட்டு அறிக்கையின் நகலையும் கேளுங்கள்.

ஒரே ஒரு நாளை வைத்து முடிவெடுக்கச் சட்டம் சொல்லவில்லை. 2013 பிப் விதிகளில் 7ஆவது, 50 சதவீதத்துக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி என்றுதான் பார்க்கிறது. 4ஆவது விதி இன்னும் பலமானது. ஒரு வேலையைப் பாதுகாப்பாக, ஒழுங்காக, தேவைப்படும் தடவையெல்லாம், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். நோயில்லாதவருக்கு ஆகும் அதிகபட்ச நேரத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் அது நியாயமான நேரம் இல்லை.

மறுபரிசீலனை கேட்கும்போது "களைப்பாக இருக்கும்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. "செவ்வாய்: விரல் வீங்கி பொத்தான் போட முடியவில்லை, நான் போட்டுவிட்டேன். புதன்: குளித்துவிட்டு மத்தியானம் வரை படுத்திருந்தார், சமைக்கவில்லை" என்று நாள்வாரியாக எழுதுங்கள். நல்ல நாளையும் மறைக்காதீர்கள். எல்லா நாளும் மோசம் என்றால் யார் நம்புவார்கள்?

அதற்கும் மறுத்தால் தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கேயும் ஒரு மாதக் கெடுதான். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாக உதவுவார்கள், இப்போதே கேட்டு வையுங்கள்.