டப்ளினில் ஐரிஷ் இசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் டப்ளினில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். ஊரில் பள்ளி முடிக்கும் வரை வயலின் கற்றுக்கொண்டேன். இப்போது வாத்தியம் இருக்கிறது, வாசிப்பு விட்டுப்போயிற்று. ஐரிஷ் பாரம்பரிய இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இங்கே கச்சேரி கேட்கக் கிளம்பினேன். நேஷனல் கான்சர்ட் ஹாலில் டிக்கெட் எடுத்து ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அரை மணி நேரத்துக்குப் பிறகு எல்லா மெட்டும் ஒன்றுபோலவே கேட்டது. டெம்பிள் பார் பகுதியில் ஒரு பப்பில், கிட்டாரும் மைக்குமாக ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். இன்னொரு பப்பில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தங்களுக்குள்ளேயே வாசித்தார்கள். அங்கே எனக்கு என்ன இடம் என்று புரியவில்லை. கூட வேலை செய்யும், மேற்கே கிளேர் மாவட்டத்திலிருந்து வந்த பெண், "அசல் வேண்டுமென்றால் கிளேருக்குப் போ, டப்ளினில் இருப்பதெல்லாம் டூரிஸ்டுகளுக்கு" என்கிறாள். ஷிஃப்ட் வேலையில் அடிக்கடி அவ்வளவு தூரம் போக முடியாது. நான் கேட்பது நகல்தானா? இதை எப்படிக் கேட்பது? என் வயலினை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியுமா?

ஆர்., டப்ளின்

அன்புள்ள ஆர்.,

கிளேருக்குக் கட்டாயம் போங்கள். ஜூலையில் மில்டவுன் மால்பேயில் பாரம்பரிய இசைக்கான வில்லி கிளான்சி கோடைப் பள்ளி நடக்கும் வாரத்தில் லீவு கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் டப்ளினில் கேட்பது நகல் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த இசையின் மெட்டுகள் கிராமங்களில் பிறந்தவை, சரி. அவை இன்று நாம் கேட்கிற வடிவத்துக்கு வந்ததில் பெரும்பங்கு நகரங்களுக்கு உண்டு. ஊரை விட்டுப் போனவர்கள் நகரத்தில் உட்கார்ந்து செய்த வேலை அது.

பிரான்சிஸ் ஓ'நீலை எடுத்துக்கொள்ளுங்கள். 1848இல் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர், கடலோடியாக உலகம் சுற்றி, கடைசியில் சிகாகோ போலீஸில் சேர்ந்தார். 1901 முதல் 1905 வரை அந்த நகரத்தின் போலீஸ் தலைவர். அயர்லாந்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து குவிந்திருந்த வாத்தியக்காரர்களிடமிருந்து மெட்டுகளைச் சேகரித்தார். அவருக்கு ஸ்வரப்படுத்தி எழுதத் தெரியாது. அதே குடும்பப் பெயர் கொண்ட ஜேம்ஸ் ஓ'நீல் கேட்டு எழுதிக்கொடுத்தார். 1903இல் 1,850 மெட்டுகளோடு முதல் பெரிய தொகுப்பு வந்தது. 1907இல் 1,001 நடன மெட்டுகளோடு வந்த அடுத்த தொகுப்பை வாத்தியக்காரர்கள் வெறுமனே 'புத்தகம்' என்றே சொல்லிவந்தார்கள். கெர்ரி மாவட்டத்துக்காரரும் ஸ்லைகோ மாவட்டத்துக்காரரும் ஒரே தெருவில் குடியிருக்கிற வாய்ப்பு அயர்லாந்தில் அன்று எங்கே இருந்தது? சிகாகோவில் இருந்தது.

அப்புறம் பிடில்காரர் மைக்கேல் கோல்மன். ஸ்லைகோவில் 1891இல் பிறந்து, 1914இல் நியூயார்க் போனவர். அங்கே 1920களிலும் 30களிலும் அவர் பதிவுசெய்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இசைத்தட்டுகள் கப்பலேறி ஊருக்குத் திரும்பின. கிராமத்து பிடில்காரர்கள் கிராமபோனில் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்து அவர் வாசிப்பைப் பாடம் செய்தார்கள். அதனால் மற்ற ஊர்களின் பாணிகள் சில மங்கிப்போனதும் உண்மை, அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் இன்று 'அசல் கிராமத்து வாசிப்பு' என்று நாம் கேட்பதில் பாதி, நியூயார்க் ஸ்டுடியோவைச் சுற்றி வந்தது.

நீங்கள் பார்த்த அந்த வட்டம் இருக்கிறதே, அதற்கு 'செஷன்' என்று பெயர். நூற்றாண்டுப் பழமையான வழக்கம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், அது அப்படி இல்லை. ஊரில் இந்த இசை வீட்டு அடுக்களையிலும் நாற்சந்தியிலும் நடனத்துக்காக ஒலித்தது. வாசிப்பவர் ஒருவர் அல்லது இருவர், ஆடுபவர்கள் ஊரெல்லாம். 1935இல் வந்த சட்டம் பொது நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்றது. பாதிரியார்களும் போலீஸும் அதை வீட்டு நடனங்கள் மேலும் பாய்ச்சினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கட்டட வேலைக்காக லண்டன் போன ஐரிஷ்காரர்கள் வாடகை அறைகளில் தங்கினார்கள். கூடி உட்கார அடுக்களை கிடையாது. கேம்டன் டவுன், ஹாலோவே பக்கத்து பப்புகளில் கூடினார்கள். நடனம் இல்லாமல், ஒருவருக்காக ஒருவர் வாசிக்கிற வட்டம் அங்கேதான் வழக்கமாக வேரூன்றியது. அது பிறகு அயர்லாந்துக்குத் திரும்பிவந்து ஊர் ஊராகப் பரவியது.

அதனால் அவர்கள் முதுகைக் காட்டுவதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கச்சேரி மேடை இல்லை. ஆளுக்கு ஆள் கண்ணைப் பார்த்து, அடுத்த மெட்டு எது என்று தலையசைப்பில் முடிவு செய்துகொள்கிறார்கள், அதற்கு வட்டம் வேண்டும். உங்களுக்கான இடம் அந்த வட்டத்தின் வெளிவிளிம்பு. எவ்வளவு பக்கத்தில் உட்கார முடியுமோ அவ்வளவு பக்கத்தில் உட்காருங்கள். வட்டத்துக்குள் காலியாக இருக்கும் நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள், அது வரப்போகும் வாத்தியக்காரருக்கு. மது குடித்தே ஆக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஒரு காபியோ சோடாவோ வாங்கிக்கொண்டால் போதும். போனில் பதிவு செய்வதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். தாளம் தட்டாதீர்கள், அது வாசிப்பவர்களின் லயத்தை நிஜமாகவே இழுத்துவிடும். யாராவது பாட ஆரம்பித்தால் அறை முழுக்கப் பேச்சை நிறுத்த வேண்டும், இதில் மட்டும் அவர்கள் கண்டிப்பு.

டப்ளினில் முதலில் ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் கோபிள்ஸ்டோன் பப்புக்குப் போங்கள். முன்பக்க மூலையில் வட்டம் இருக்கும், பின்னறையில் கச்சேரிகளும் வகுப்புகளும். 2021இல் அந்த இடத்தில் ஹோட்டல் கட்ட ஒரு திட்டம் வந்தது. வாத்தியக்காரர்களும் ரசிகர்களும் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். அந்த நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது. டூரிஸ்டுகளுக்காக மட்டும் இருக்கிற ஒன்றுக்காக ஒரு நகரத்து மக்கள் இப்படித் தெருவுக்கு வரமாட்டார்கள் என்று உங்கள் தோழியிடம் சொல்லுங்கள். டெம்பிள் பாரை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான்.

இனி, எல்லாம் ஒன்றுபோலக் கேட்கிறது என்பது. உங்களுக்கு இது நடந்ததற்குக் காரணம் உங்கள் காது நல்ல பழக்கத்தில் வளர்ந்தது என்பதுதான் என்று நினைக்கிறேன். ஆலாபனை வரும், ராகம் மெல்ல விரியும், நிரவல் வரும் என்று காத்திருக்கிறீர்கள். இங்கே விரிவு வேறிடத்தில் இருக்கிறது. மெட்டு மிகச் சிறியது. எட்டு அளவுகள் ('பார்' என்னும் தாளச் சுற்றுகள்) கொண்ட முதல் பகுதி இரண்டு தடவை, எட்டு அளவுகள் கொண்ட இரண்டாம் பகுதி இரண்டு தடவை, பெரும்பாலும் அவ்வளவுதான். அதை இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இரண்டு மூன்று மெட்டுகள் சேர்ந்தால் ஒரு 'செட்'.

முதலில் நடையைப் பிடியுங்கள். தகதிமி தகதிமி என்று ஓடினால் ரீல். தகிட தகிட என்றால் ஜிக். தகிட மூன்று சேர்ந்து ஒன்பதாக வந்தால் ஸ்லிப் ஜிக். இது உங்களுக்கு ஒரே மாலையில் வந்துவிடும். அடுத்தது, தாவுகிற அந்த இடம். ஒரு மெட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பெரும்பாலும் ஆதார ஸ்வரமும் மாறும், அறையே ஒரு படி ஏறியது போலிருக்கும். கூட்டத்தில் யாராவது 'ஹப்!' என்று குரல் கொடுப்பது அங்கேதான். மூன்றாவதுதான் உண்மையான சுகம்: அதே எட்டு அளவு திரும்பி வரும்போது என்ன மாறியது என்று கேட்பது. 'ரோல்' என்று ஒரு அலங்காரம், ஒரே ஸ்வரத்தை மேலும் கீழும் இருக்கும் ஸ்வரங்களால் சட்டென்று சுற்றிக்கொண்டு வருவது. ஸ்புரிதம், பிரத்யாகதம் என்ற கமகங்களை வாசித்த கைக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. முதல் சுற்றில் நேராகப் பிடித்த ஸ்வரம் இரண்டாம் சுற்றில் ரோலாகும், மூன்றாவதில் வில்லை மாற்றி இழுத்து அந்த இடத்தையே காலியாக விடுவார். நல்ல வாசிப்பாளர் ஒரு சுற்றை அப்படியே திரும்ப வாசிக்கமாட்டார்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பிடில்காரர் டாமி பாட்ஸ். டப்ளின் நகரத்தில் கூம்ப் பகுதியில் 1912இல் பிறந்தவர், டப்ளின் தீயணைப்புப் படையில் வேலை பார்த்தவர். பழக்கமான மெட்டுகளை எடுத்து, நடனக்காரருக்குக் கால் தடுமாறும் அளவுக்கு வளைத்து, இழுத்து, நடுவில் மௌனம் விட்டு வாசித்தார். அவரது தனித் தட்டு 'தி லிஃபி பேங்க்ஸ்' 1972இல் வந்தது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஐரிஷ் இசைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. அது முழுக்க முழுக்க டப்ளின் நகரத்து வாசிப்பு.

மேடைக் கச்சேரியும் டப்ளின் இதற்குக் கொடுத்ததுதான். இசையமைப்பாளர் ஷான் ஓ ரியடா 1960 வாக்கில் ஒரு குழுவைச் சேர்த்து, இந்த இசையை நாற்காலியில் அமர்ந்து முழு கவனத்தோடு கேட்க வேண்டியதாக முன்வைத்தார். எல்லாரும் சேர்ந்து ஒரே மெட்டை அடித்துவிட்டுப் போகாமல், இப்போது குழல் மட்டும், இப்போது பிடிலும் பைப்பும் (காற்றுப் பை வைத்த குழல்), பிறகு எல்லாரும் என்று பிரித்தார். பௌரான் என்கிற ஆட்டுத்தோல் பறைக்கு மேடையில் இடம் கொடுத்தவரும் அவரே. 1969இல் டப்ளின் கெயட்டி அரங்கில் கறுப்பு சூட்டில் அவர்கள் வாசித்த கச்சேரியின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. அந்தக் குழுவிலிருந்த பேடி மொலோனி 1962இல் சீஃப்டன்ஸ் இசைக்குழுவைத் தொடங்கினார். நீங்கள் போன நேஷனல் கான்சர்ட் ஹாலில் 2011இல் முதல் முறை மேடையேறிய தி குளோமிங் குழு, ஒரே செட்டைக் கால் மணி நேரத்துக்கும் மேல் மெல்ல மெல்லக் கட்டியது. அடுத்த தடவை கான்சர்ட் ஹாலுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் அவர்களது 2014ஆம் ஆண்டு ஆல்பத்தின் முதல் பதிவைக் கேளுங்கள். பழைய ஐரிஷ் மொழிப் பாடல் எங்கே முடிகிறது, பிடில் எங்கே கையேற்கிறது என்று தேடிக்கொண்டே கேட்கலாம்.

ஒன்று மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன், இல்லியன் பைப்பை நேரில் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். உட்கார்ந்து வாசிப்பது. ஒரு முழங்கைக்கடியில் துருத்தி, இன்னொன்றுக்கடியில் காற்றுப் பை, விரல்களில் மெட்டு, கூடவே இடைவிடாத சுருதி, மணிக்கட்டால் அழுத்தும் கட்டைகளில் கூட்டு ஸ்வரங்கள். ஏழு வருஷம் கற்றல், ஏழு வருஷம் பயிற்சி, ஏழு வருஷம் வாசிப்பு, அதன் பிறகுதான் பைப்பர் என்று அவர்களிடம் ஒரு சொலவடை உண்டு. 1968இல் பைப்பர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியபோது இந்த வாத்தியம் அழிந்துபோகும் என்ற பயம் இருந்தது. இன்று டப்ளின் ஹென்ரியேட்டா தெருவில் அவர்களுக்கென்று ஒரு வீடு, கச்சேரி, வகுப்பு எல்லாம் இருக்கிறது. 2017இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம் கிடைத்தது. ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் பாதிதான் வரும்.

கடைசியாக வயலின். நோட்டுஸ்வரம் வாசித்திருப்பீர்கள் இல்லையா? கம்பெனிக் காலத்து பேண்டுகள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சாகித்யம் அமைத்த உருப்படிகள் அவை. அவற்றில் 'வந்தே மீனாக்ஷி' ஓர் ஐரிஷ் மெட்டு என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆக உங்கள் விரல் இந்த இசையை ஏற்கெனவே தொட்டிருக்கிறது. நம்முடைய ஸ-ப-ஸ-ப சுருதியை அவிழ்த்துவிட்டு ஜி-டி-ஏ-இ என்று கட்டுங்கள், ஐந்தாம் ஸ்வர இடைவெளி நாலு தந்திக்கும் ஒரே சீராக வரும். வாத்தியத்தைக் காலில் தாங்காமல் தோளில் பிடிக்கப் பழகக் கொஞ்ச நாளாகும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் ஜாருவை அடக்கி வையுங்கள், வில் கைக்குத்தான் இங்கே வேலை அதிகம். கேட்டே கற்பது உங்களுக்குப் புதிதில்லை, அங்கேயும் வகுப்பில் ஆசிரியர் வாசிப்பார், நீங்கள் வாங்கிக்கொள்வீர்கள். பாரம்பரிய இசையை வளர்க்கும் கோல்டஸ் அமைப்பின் கிளைகள் டப்ளின் முழுக்க இருக்கின்றன, பெரியவர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். உங்கள் ஷிஃப்டுக்கு ஒத்துவரும் வகுப்பு எந்தக் கிளையில் என்று விசாரியுங்கள். மெரியன் ஸ்கொயர் 73ஆம் எண் வீட்டில் ஐரிஷ் பாரம்பரிய இசைக் காப்பகம் இருக்கிறது. பொதுமக்களுக்குக் கட்டணம் இல்லை. ஓய்வு நாளில் அங்கே போய் டாமி பாட்ஸ் வேண்டும் என்று கேளுங்கள்.